காக்கியும் காலனியும் – 7: வாய் திறக்காத போலீஸ்காரர்

காலனி ஆட்சியில் வேலை பார்த்த உள்ளூர்க் காவலர் ஒருவர் போரில் துணிவு காட்டினால், அதை ஆட்சியாளர்மேல் அவருக்கிருந்த விசுவாசமாக வரவு வைப்பது வழக்கம். பசிபிக் போரில் அப்படி வரவு வைக்கப்பட்டவர்களில் முக்கியமானவர் சாலமன் தீவுகளைச் சேர்ந்த ஜேக்கப் வூசா. பிரிட்டிஷாரின் ஆயுதக் காவல் படையில் 1916இல் சேர்ந்து, கால் நூற்றாண்டு வேலை பார்த்து, 1941இல் சார்ஜென்ட் மேஜராக ஓய்வு பெற்றவர். அவருடைய துணிவில் யாருக்கும் ஐயமில்லை. அந்தத் துணிவு பேரரசின்மேல் இருந்த பக்தியால் வந்தது என்பதற்குத்தான் ஆதாரம் போதாது.

1942 மே மாதம் தலைநகர் துளாகி ஜப்பானியர் கைக்குப் போனது. பிரிட்டிஷ் நிர்வாகம் அங்கிருந்து ஏற்கெனவே விலகியிருந்தது. ஆனால் குவாடல்கனால் தீவில் மாவட்ட அதிகாரி மார்ட்டின் கிளெமென்ஸ் காட்டுக்குள் தங்கி, உள்ளூர் ஆட்களின் துணையோடு வேவு பார்த்து வானொலியில் செய்தி அனுப்பினார். ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க மரைன்கள் கரையிறங்கினர். வீழ்ந்த விமானம் ஒன்றின் அமெரிக்க விமானியைக் காப்பாற்றி அவர்களிடம் சேர்த்த வூசா, தாமாகவே வேவு பார்க்கும் வேலையை ஏற்றார். ஓய்வு பெற்றவரை யாரும் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது. ஆகஸ்ட் 20 அன்று இச்சிகி தலைமையிலான ஜப்பானியப் படையிடம் சிக்கினார். அவரிடம் இருந்த ஒரு சிறு அமெரிக்கக் கொடி காட்டிக்கொடுத்துவிட்டது. மரத்தில் கட்டி, துப்பாக்கிக் கட்டையால் அடித்து, அமெரிக்க நிலைகளைப் பற்றி விசாரித்தார்கள். அவர் எதுவும் சொல்லவில்லை. கழுத்திலும் மார்பிலும் துப்பாக்கி ஈட்டியால் குத்திச் சாகட்டும் என்று விட்டுப் போனார்கள். கட்டுகளைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு மரைன்களின் காவல் வரிசையை அடைந்தவர், சிகிச்சைக்கு முன்பே எதிரிப் படையின் அளவையும் ஆயுதங்களையும் சொல்லிவிட்டார். அன்றிரவு தொடங்கி மறுநாளும் நீடித்த டெனாரு சண்டையில், சுமார் 900 பேர் கொண்ட இச்சிகியின் படையில் பெரும்பாலோர் மாண்டனர்.

அவர் சொன்ன செய்திதான் வெற்றி தந்தது என்பது மிகை. முந்தைய நாளே ஒரு மரைன் ரோந்துக் குழு ஜப்பானிய முன்னணிக் குழுவோடு மோதி ஆவணங்களைக் கைப்பற்றியிருந்தது. தாக்குதல் வரும் என்ற எதிர்பார்ப்பு அப்போதே உருவாகிவிட்டது. இதனால் வூசாவின் துணிவுக்குக் குறைவில்லை. சண்டையின் முடிவு என்னவாகும் என்று தெரியாத நேரத்தில், உயிரைக் காப்பாற்றக்கூடிய பதிலை அவர் விழுங்கினார். அந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் மாட்டிக்கொள்வது மரைன்கள் மட்டுமல்ல, அவர்களுக்கு வழிகாட்டிய அவருடைய சக தீவுவாசிகளும்தான். தாம் பிழைக்கமாட்டோம் என்று நினைத்தபோது அவர் பார்க்கக் கேட்டதும் தீவைவிட்டுப் போகாத கிளெமென்ஸைத்தான்.

‘பிரிட்டனின் ஜார்ஜ் பதக்கத்தையும் பின்னர் 1979இல் சர் பட்டத்தையும் ஏற்றவர் விசுவாசியாகத்தானே இருக்க வேண்டும்?’ என்று கேட்கலாம். கொடுத்தவர்களின் எண்ணத்தைத்தான் பதக்கம் சொல்லும்; வாங்கியவரின் எண்ணத்தை அவர் நடந்துகொண்ட விதத்தில் தேட வேண்டும். போர் முடிந்ததும் சாலமன் தீவுகளில் காலனி ஆட்சியை எதிர்த்து மாசினா ரூல் இயக்கம் பரவியது. 1947இல் அரசு அதன் தலைவர்களைக் கைதுசெய்தது. வூசா குவாடல்கனாலில் அந்த இயக்கத்தோடு சேர்ந்து நின்றார். பேரரசுக்காகவே உயிரைப் பணயம் வைத்தவராக இருந்தால் இது விளங்காது. தம் மண்ணுக்காக வைத்தவர் என்று கொண்டால் 1942இன் மௌனமும் போருக்குப் பிந்தைய எதிர்ப்பும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

வேறொரு கேள்வி இதைவிடக் கடினமானது. தலைவரி கட்ட வைத்து மக்களைத் தோட்டக் கூலிகளாக்கிய ஆட்சியின் காவலராகத்தானே அவர் 25 ஆண்டுகள் இருந்தார்? உண்மை, அந்தப் பங்கை ஓர் இரவின் துணிவு அழித்துவிடாது. ஆனால் அந்தப் பங்கைக் காட்டி இந்தத் துணிவைப் பேரரசின் சொத்தாக எழுதிவைக்கவும் முடியாது. வேலை பேரரசுடையது, தீர்மானம் அவருடையது.

(தொடரும்)