பெயர் ஸ்பானிஷ்... ஆள் ஆசியர்! பிலிப்பைன்ஸ் மக்களுக்கு இந்தக் குடும்பப் பெயர்கள் வந்தது எப்படி?

சான்டோஸ், கார்சியா, ரேயஸ், குரூஸ், மென்டோசா... இந்தப் பெயர்களைக் கேட்டா ஏதோ ஸ்பெயின் கால்பந்து அணியின் லிஸ்ட் மாதிரி இருக்கும். ஆனால் பிலிப்பைன்ஸில் இவை தெருவுக்குத் தெரு இருக்கும் பெயர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்கு முதல் தங்கம் வாங்கிக் கொடுத்த பளுதூக்கும் வீராங்கனையின் பெயர்கூட ஹிடிலின் டியாஸ்தான்.

அப்போ இவங்க எல்லாம் ஸ்பெயின்காரர்களின் வாரிசுகளா? பெரும்பாலானவர்கள் இல்லை. 1849-ல் வந்த ஒரே ஒரு அரசு உத்தரவுதான் இதற்குக் காரணம்.

ஸ்பெயின் உள்ளே வந்தது எப்போது?

1521-ல் கடலோடி மெகல்லன் இந்தத் தீவுகளுக்கு வந்தார். மக்தான் தீவில் லாபுலாபு என்ற தலைவரின் படையுடன் நடந்த சண்டையில் அங்கேயே கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஸ்பெயின் பயணிகள், தங்கள் இளவரசர் ஃபிலிப்பின் பெயரைத் தீவுகளுக்கு வைத்தார்கள். அவர்தான் பின்னாளில் மன்னர் இரண்டாம் ஃபிலிப். 1565-ல் செபுவில் ஸ்பெயின் நிரந்தரமாகக் கால் ஊன்றியது. அதன்பின் 333 வருஷம் ஸ்பெயின் ஆட்சிதான்.

மக்கள் கத்தோலிக்க மதத்துக்கு மாறியபோது, ஞானஸ்நானத்தில் புனிதர்களின் பெயர் கிடைத்தது. ஆனால் குடும்பப் பெயர் என்று ஒன்றை வைத்துக்கொள்ளும் வழக்கம் பலரிடம் இல்லை.

1849 உத்தரவு: என்ன பிரச்னை?

ஊர் முழுக்க 'சான்டோஸ்', அதாவது புனிதர்கள். இல்லைன்னா 'டெலா குரூஸ்', அதாவது சிலுவை. பக்திக்காக ஆளாளுக்கு இதையே வைத்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு வேறொரு பெயர் என்றும் இருந்தது. யாரிடம் வரி வாங்கியாச்சு, யார் பாக்கி, யார் யாருக்கு உறவு என்று அதிகாரிகளுக்குக் குழப்பம்.

அப்போதைய கவர்னர் ஜெனரல் நார்சிசோ கிளாவேரியா. ஒழுங்கு விஷயத்தில் ரொம்பவே கறார் ஆள். பிலிப்பைன்ஸ் காலண்டர் பக்கத்து ஆசிய நாடுகளைவிட ஒரு நாள் பின்தங்கி இருக்கிறது என்பதற்காக, 1844 டிசம்பர் 31 என்ற நாளையே நீக்கியவர் இவர். டிசம்பர் 30-ம் தேதி தூங்கி எழுந்தவர்களுக்கு அடுத்த நாள் ஜனவரி 1!

அதே கிளாவேரியா 1849 நவம்பர் 21-ல் புது உத்தரவு போட்டார்: எல்லோருக்கும் நிலையான குடும்பப் பெயர் கட்டாயம்.

எப்படிப் பிரித்துக் கொடுத்தார்கள்?

இதற்காகவே சுமார் 60,000 பெயர்களுடன் அகர வரிசையில் ஒரு பட்டியல் அச்சானது. அதில் ஸ்பெயின் பெயர்கள் மட்டும் இல்லை. உள்ளூர் சொற்கள், செடி கொடிகள், ஊர்கள் எனப் பலவும் இருந்தன. பட்டியலின் பக்கங்கள் மாகாணங்களுக்கும், அங்கிருந்து ஊர்களுக்கும் போயின. பாதிரியாரும் ஊர்த் தலைவர்களும் முன்னிலையில், குடும்பத் தலைவர் ஒரு பெயரைத் தேர்வு செய்ய வேண்டும். அதுதான் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்.

இதனால் வேடிக்கையான ஒரு விளைவு. சில ஊர்களுக்கு ஒரே எழுத்துள்ள பக்கங்கள்தான் போய்ச் சேர்ந்தன. அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் ஊரில் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பெயர்கள் குவிந்து கிடப்பது இதனால்தான். பெயரின் முதல் எழுத்தை வைத்தே "நீங்க இந்த ஊரா?" என்று கேட்கும் அளவுக்கு இது போனது.

தப்பித்த பெயர்கள்

நான்கு தலைமுறையாக ஒரே குடும்பப் பெயரை வைத்திருந்தவர்கள் அதையே தொடரலாம் என்று விலக்கு இருந்தது. உள்ளூர் மொழிப் பெயர்களும் தப்பித்தன. நம்ம ஊரில் நன்றாகத் தெரிந்த உதாரணம், மகசேசே. எம்.எஸ்.சுவாமிநாதன், எம்.எஸ்.சுப்புலட்சுமி, டி.என்.சேஷன் ஆகியோர் பெற்ற விருதின் பெயர் அதுதான். முன்னாள் அதிபர் ரமோன் மகசேசேயின் நினைவாக வழங்கப்படும் விருது அது. முதல் பெயர் ஸ்பானிஷ், குடும்பப் பெயர் உள்ளூர்.

சீன வம்சாவளியினரின் பெயர்கள் பலவற்றில் கடைசியில் 'கோ' வரும். ஹொக்கியன் சீன மொழியில் அண்ணனை மரியாதையாக அழைக்கும் சொல் அது. முன்னாள் அதிபர் கொரசோன் அகினோவின் பிறந்த வீட்டுப் பெயரான 'கொஹுவாங்கோ' இந்த வகைதான்.

ஸ்பெயினின் பிடி முழுதாக இறங்காத தெற்கு மிண்டனாவோவின் முஸ்லிம் பகுதிகளிலும், வடக்கே கார்டிலேரா மலைகளிலும் இந்த உத்தரவின் தாக்கம் குறைவு.

அம்மாவின் பெயரும் கூடவே வரும்

அங்கே ஒருவரின் பெயரில் நடுவில் வருவது, அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். ஃபெர்டினாண்ட் ரொமுவால்டெஸ் மார்கோஸ் ஜூனியர் என்ற பெயரில், 'ரொமுவால்டெஸ்' என்பது அம்மா இமெல்டாவின் குடும்பம். 'மார்கோஸ்' அப்பாவின் குடும்பம். அரசியலில் எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு சம்பந்தம் செய்தது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

'ஃபிலிப்பினோ' என்பது யாருடைய சொல்?

இதுதான் கதையின் முக்கியமான திருப்பம். ஸ்பெயின் ஆட்சியில் 'ஃபிலிப்பினோ' என்றால், அந்தத் தீவுகளில் பிறந்த ஸ்பானிய வெள்ளையர்கள். மண்ணின் மக்களுக்கு இருந்த பெயர் 'இண்டியோ'. அது இளக்காரமான சொல்.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் படித்த இளைஞர்கள் இதை மாற்றினார்கள். அவர்களில் முன்னணியில் நின்றவர் எழுத்தாளரும் மருத்துவருமான ஹோசே ரிசால். அவரது குடும்பத்தின் பழைய பெயர் மெர்காடோ. அண்ணன் பாசியானோ, 1872-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பாதிரியார் பர்கோஸுக்கு நெருக்கமானவர். அந்தத் தொடர்பால் சிக்கல் வரக்கூடாது என்று ரிசால் என்ற பெயரில் தம்பி பள்ளியில் சேர்ந்தார். 1896 டிசம்பர் 30-ல் ஸ்பெயின் அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. சிக்கலில் இருந்து தப்பிக்க வைத்த பெயர், இன்று தேசத்தின் நாயகன் பெயர். 'ஃபிலிப்பினோ' என்ற சொல்லும் அந்தத் தலைமுறையோடு மண்ணின் மக்கள் கைக்கு வந்துவிட்டது.

நாட்டின் பெயரை மாற்றலாமா?

மன்னர் ஃபிலிப்பின் பெயர் இன்னும் எதற்கு என்ற கேள்வி அவ்வப்போது எழும். 2019-ல் அப்போதைய அதிபர் துதெர்தே, 'மகார்லிகா' என்று மாற்றலாம் எனப் பேசினார். மார்கோஸ் சீனியர் காலத்திலும் இதே பேச்சு வந்தது. ஆனால் அந்தச் சொல்லும் சமஸ்கிருத வேர் கொண்டது. பழைய தகாலோக் சமூகத்தில் அது மொத்த மக்களையும் குறிக்கவில்லை; போருக்குச் செல்லும் ஒரு குறிப்பிட்ட வகுப்பினரை மட்டுமே குறித்தது. இதைச் சுட்டிக்காட்டி எதிர்ப்பவர்களும் உண்டு.

1987 அரசியலமைப்புச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் புதுப் பெயர் வைக்கலாம். ஆனால் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் கிடைத்தால்தான் அது செல்லும். 1849-ல் பெயர்ப் பட்டியல் மேலிருந்து வந்தது. இனி ஒரு மாற்றம் வந்தால், கடைசி முடிவு டியாஸ்களும் சான்டோஸ்களும் போடும் ஓட்டில்தான்.