நிறுவனம் தரும் சுற்றுலா லோரி ஓட்டுநருக்கும் கிடைக்குமா?

ஆண்டுத் தொடக்கத்தில் பல நிறுவனங்களில் இப்படி ஓர் அறிவிப்பு வரும்: விற்பனை இலக்கை எட்டுபவருக்கு பாலித் தீவுப் பயணம் இலவசம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், யார் போகப் போகிறார்கள் என்பது அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும். எப்போதும் முன்னால் நிற்கும் இரண்டு மூன்று விற்பனையாளர்கள்தான். லோரி ஓட்டுநர், கிடங்கில் சரக்குத் தூக்குபவர், கணக்கு எழுதும் பெண் ஆகியோருக்கு அந்த அறிவிப்பில் இடமே இல்லை. அவர்கள் இல்லாமல் அந்த விற்பனை நடந்திருக்குமா?

15, 20 பேர் வேலை செய்யும் நம்மவர் நிறுவனங்களில் இந்த மனத்தாங்கல் சீக்கிரமே வெளியே தெரியும். அதனால் வேலைக்கு ஏற்ப இலக்கு வைப்பதே சரி. ஓட்டுநருக்கு விபத்தில்லாத மாதங்கள், கிடங்குப் பணியாளருக்குச் சேதமில்லாத சரக்கு, கணக்குப் பிரிவுக்கு நேரத்தோடு வசூலான பாக்கி. எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். நடுவில் இலக்கை உயர்த்தினால் அடுத்த ஆண்டு அறிவிப்பை யாரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

விடுப்பையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 8 நாள். பயணத்துக்காக அதில் 4 நாளைக் கழித்துக்கொண்டால், பரிசு கொடுத்தது முதலாளியா, தொழிலாளியா?

எங்கே போவது? வெளிநாடு என்றால்தான் கௌரவம் என்று நினைக்கிறோம். கைக்குழந்தை உள்ள தாய் நான்கு நாள் தனியாக பாலிக்குப் போவாரா? தோட்டத்திலிருந்து வேலைக்கு வரும் சிலரிடம் கடப்பிதழே இருக்காது. பெரியவர் ஒருவருக்கு அதை எடுக்கவே 200 ரிங்கிட் ஆகும். குடும்பத்தோடு லங்காவி, கேமரன் மலை என்றால் பிள்ளைகளும் வருவார்கள், வீட்டுக்காரரும் முகம் சுளிக்க மாட்டார்.

வரிச் சட்டமும் இதற்குத்தான் சாதகமாக இருக்கிறது. முதலாளி தரும் உள்நாட்டு விடுமுறைப் பயணம் ஆண்டுக்கு 3 முறை வரை, உணவு, தங்குமிடம் உட்பட, ஊழியருக்கு வரிவிலக்கு பெறும். வெளிநாடு என்றால் ஆண்டுக்கு ஒருமுறைதான். பயணக் கட்டணத்தில் 3,000 ரிங்கிட் வரைதான் விலக்கு. முதலாளிக்கோ, ஊழியரின் விடுமுறைப் பயணச் செலவைத் தொழில் செலவாகக் கழிக்கப் பொதுவாக அனுமதி இல்லை. முதலாளி, ஊழியர், அவர்களின் குடும்பத்தார் சேர்ந்து உள்நாட்டில் ஆண்டுக்கொரு முறை நடத்தும் நிகழ்ச்சி அதற்கு விதிவிலக்கு. உங்கள் நிறுவனத்தின் ஏற்பாடு இதில் அடங்குமா என்று கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பயணத்தை ஏற்பாடு செய்பவரிடம் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காப்புறுதி, நேரடி விற்பனை முகவர்கள் நிலை வேறு. அவர்கள் ஊழியர்கள் அல்லர். அந்த விலக்கு அவர்களுக்குக் கிடையாது. இலவசமாகப் போய்வந்த சுற்றுலாவின் மதிப்பும் அவர்களுக்கு வருமானம்தான். ரொக்கமும் பயணமும் சேர்த்து ஆண்டுக்கு 5,000 ரிங்கிட்டைத் தாண்டினால், நிறுவனம் சிபி58 படிவம் தர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்கி, வரிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.