ஒரே மேசையில் பல அடுப்புகள்

சிங்கப்பூரில் ஒரு சாதாரணக் குடும்பம் வெளியே சாப்பிடப் போகிறது என்றால், பெரும்பாலும் உணவங்காடி நிலையம் ஒன்றுக்குத்தான் போகிறது. பெரும்பாலும் சுவரில்லாத, மின்விசிறிகள் சுழலும் ஒரே கூரையின்கீழ்ச் சிறு சிறு கடைகள் வரிசையாக அமைந்திருக்க, அவை அனைத்துக்கும் பொதுவாக மேசைகள் போடப்பட்டிருக்கும் இடத்துக்கே அப்பெயர். பல கடைகள் ஓரிரு பதார்த்தங்களுக்கு மேல் சமைப்பதில்லை. ஒரே பதார்த்தத்தை இரண்டு தலைமுறையாகச் சமைத்துவரும் கடைகளும் உண்டு. நூற்றுப்பத்துக்கும் மேற்பட்ட இந்நிலையங்களைச் சார்ந்து வளர்ந்த பண்பாடு, கட்டடமாகவோ சிலையாகவோ அல்லாமல் மக்களின் வழக்கத்தில் உயிர்வாழும் மரபுகளுக்கென யுனெஸ்கோ வைத்திருக்கும் பட்டியலில் 2020 டிசம்பரில் இடம்பெற்றது.

இனங்களை ஒன்றுசேர்க்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்துக்காகவே இவை எழுந்தன என்று எண்ணினால் அது பிழை. துறைமுகத்துக்கும் வணிகத்துக்குமாக வந்திறங்கி, குடும்பத்தை ஊரிலேயே விட்டிருந்த ஆண்களுக்குச் சமைத்துப்போட ஆளில்லாத காலத்தில், அடுப்பையும் உணவையும் தோளில் சுமந்து விற்ற தெருவோர வியாபாரிகள் பெருகினர். குழாய்நீர் வசதியின்றிப் பாத்திரம் கழுவுவதும், கழிவைச் சாக்கடையிலும் ஆற்றிலும் கொட்டுவதும் நகரின் சுகாதாரத்துக்குக் கேடாக முடிந்ததால், அரசு 1968-69இல் அவர்களைப் பதிவுசெய்து, 1971 முதல் நிலையங்களைக் கட்டி, 1986க்குள் தெருவிலிருந்து அவற்றில் குடியமர்த்தியது. சாக்கடைப் பிரச்சினைக்குக் கண்ட தீர்வுதான், சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோரின் அடுப்புகளை அடுத்தடுத்து நிறுத்திவைத்தது.

குடும்பத்தோடு உண்பவர்களுக்கு இந்த அமைப்பின் பயன் உடனே விளங்கும். பாட்டிக்கு இட்லி, தந்தைக்கு மீன் தலைக்கறி, பிள்ளைக்குக் குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியான சத்தே என ஆளுக்கொரு கடையில் வாங்கினாலும் எல்லோரும் ஒரே மேசையில் அமரலாம். தனி உணவகத்தில் இது நடக்காது. உண்டு முடித்துத் தட்டுகளைத் திருப்பி வைக்கப் போகும்போது, இஸ்லாமிய விதிப்படி சமைத்த ஹலால் உணவின் தட்டுகளுக்கு ஓர் அடுக்கும் மற்றவற்றுக்கு வேறோர் அடுக்கும் இருப்பதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். ஏன் இரண்டு என்ற கேள்வி அங்கே எழுந்தால், பாடநூல் பல பக்கங்களில் சொல்வதைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

இந்நிலையங்களின் காப்பிக் கடையில் ஒலிக்கும் சொற்களே ஒரு சிறு வரலாறு. அங்கே "கோப்பி" என்று மட்டும் கேட்டால், துணிப்பையில் வடித்த கடுங்காப்பியில் டின்பால் கலந்து வரும். "கோப்பி ஓ" என்றால் பாலில்லாத காப்பி. "ஓ" என்பது ஹொக்கியன் என்னும் தென்சீன மொழியில் கறுப்பைக் குறிக்கும். "கோசோங்" என்று சேர்த்தால் சர்க்கரை வராது. அது வெறுமை என்று பொருள்படும் மலாய்ச் சொல். "பெங்" என்றால் பனிக்கட்டி. இது மறுபடியும் ஹொக்கியன். ஆக, "கோப்பி ஓ கோசோங் பெங்" என்று கேட்பவர், தாம் அறியாமலே ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் போய்த் திரும்பிவிடுகிறார். பிள்ளைகளைக் கொண்டே காப்பி சொல்லவைப்பது நல்ல பழக்கம்.

ஒரே கூரையின்கீழ்ச் சீனத்தையும் இந்தியாவையும் மலாய் உலகத்தையும் சுவைத்துவிடலாம் என்று பயண ஏடுகள் எழுதுவது மிகை. சீனாவின் ஹைனான் தீவின் பெயரைத் தாங்கிய கோழிச்சோற்றின் மூலம் அத்தீவினுடையதே ஆனாலும், கோழிச்சாற்றில் இஞ்சி, பூண்டு, பாண்டான் இலை சேர்த்து வேகும் அந்தச் சோறும், எலுமிச்சை பிழிந்த மிளகாய்த் துவையலும் இன்றைய வடிவை அடைந்தது இம்மண்ணில்தான். மீ கோரெங் இன்னும் வியப்பானது: "மீ" ஹொக்கியன் மொழியில் நூடுல்ஸ், "கோரெங்" மலாயில் பொரித்தல், அதை உருளைக்கிழங்கோடு சிவக்கப் புரட்டி விற்றுப் புகழ்பெற்றவர்களோ தமிழர் உள்ளிட்ட இந்திய முஸ்லிம்கள். இந்தியாவின் மரபுச் சமையலில் அது கிடையாது. மீன் தலைக்கறியும் அப்படியே. சீனர்கள் மீன் தலையை விரும்பி உண்பதைக் கண்ட எம். ஜே. கோமஸ் என்னும் கேரளத்துக்காரர், தம் ஊர்க் குழம்பில் தலையை முழுதாக வேகவைத்து 1949இல் விற்கத் தொடங்கினார். பின்னர்ச் சீனச் சமையற்காரர்களும் அதைத் தம் பக்குவத்தில் வைக்கலாயினர். ஆகவே இந்த மேசையில் கிடைப்பது தாய்நாடுகளின் மாதிரி அன்று. ஊரை விட்டு வந்தவர்கள் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துப் பார்த்துத் தம் சமையலை மாற்றிக்கொண்ட கதையே. அந்த வகையில் தலைக்கறி எந்த அருங்காட்சியகப் பொருளுக்கும் குறைந்ததன்று.

தமிழ் வாசகர்கள் தொடங்குவதற்கு ஏற்ற இடம் சிராங்கூன் சாலையில் உள்ள தேக்கா நிலையம். "தேக்கா" என்பது நம் தேக்குமரத்தோடு தொடர்பில்லாதது. மூங்கிற் புதரின் அடி என்று பொருள்தரும் ஹொக்கியன் தொடரின் மருவல் அது. தமிழ்க் கடைகள் நிறைந்த பேட்டைக்குச் சீனப் பெயர் என்பதை அங்கே யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. நம் பரோட்டா அங்கே "பிராட்டா" ஆகிக் காலைப் பலகாரமாகவும் உண்ணப்படுகிறது. சிலர் குழம்பை விட்டுச் சர்க்கரையைத் தொட்டுக்கொள்கிறார்கள். முகஞ்சுளிப்பதற்கு முன் ஒரு வாய் உண்டு பார்ப்பது நியாயம்.

செல்வோர் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். காலி மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்று கிடந்தால், அந்த இடத்தை யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பொருள். உண்டபின் தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பர் முதல் கட்டாயம். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அலுவலகக் கூட்டம் வந்து நிறைந்துவிடும். பேர்பெற்ற கடைகள் பல, சமைத்தது தீர்ந்ததும் பிற்பகலிலேயே அடுப்பை அணைத்துவிடும். குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்பவர்கள் பதினொரு மணிக்கே மேசை பிடித்துவிடுவது நல்லது.