மூவர் இருக்கையில் இருவர்

ஏலக்காயைச் சல்லடையில் சலித்து 8 மி.மீ., 7 மி.மீ. எனத் தரம் பிரிப்பதைப் போடிநாயக்கனூர் மக்கள் நன்கறிவர். நேற்றைய ஏல விலை இன்று நிற்பதில்லை என்பதும் தெரியும். வகுப்பறையிலும் இவ்விரண்டும் நிகழ்கின்றன. வணிகர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு குழு. விடியலில் ஜீப் ஏறி மலைத்தோட்டம் செல்லும் கூலித் தொழிலாளரின் பிள்ளைகள் வேறொரு குழு. நேற்றுவரை எல்லோரும் சூழ்ந்திருந்த மாணவன், இன்று காரணம் அறியாமலே தனியே உண்கிறான்.

"அடிக்கவில்லை, ஏசவில்லை, காதோடு காதாகப் பேசிச் சிரித்தார்கள், அவ்வளவுதானே" என்கிறோம். மூவர் இருக்கும்போது ஒருவரை விட்டுவிட்டு இருவர் மட்டும் இரகசியம் பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. பேசிய பொருள் நல்லதா தீயதா என்பது அங்கே கேள்வியே அன்று. மூன்றாமவர் வருந்துவார் என்பதே காரணம். பலர் கூடி ஒருவரை விலக்கினாலும் இதே சட்டம்தான் என இமாம் நவவீ (ரஹ்) விளக்குகிறார்கள். பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் அல்லாஹ் திருமறையில் (49:11) தடுத்துள்ளான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதிப் பகையால் ஒரு மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்டனர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கைகளில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யுமாறு 2024இல் பரிந்துரைத்தது. நம் பிள்ளை கயிறு கட்டுவதில்லை என நிம்மதி கொள்ள வேண்டா. கயிறின்றியும் குழு சேரும்.

இன்றிரவு, "உன் நண்பன் யார்?" என்று கேளாதீர்கள். "இன்று தனியே உண்டது யார்?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால், நாளை இருவருக்கான உணவைக் கட்டிக் கொடுத்தனுப்புங்கள்.