தாத்தா சைக்கிளுக்குப் பழைய கியர்: 2 திருகாணியில் இருக்கிறது உயிர்!

திருவேற்காடு, -

இரண்டே இரண்டு திருகாணி. சுண்டு விரல் நகத்தளவுகூட இராது. அதைச் சரியாகத் திருகாமல் விட்டால், ஓடுகிற சைக்கிள் நடுரோட்டில் சட்டென்று நின்றுவிடும். பின்னால் தண்ணீர் லாரி வந்தால்? அம்புட்டுத்தான்!

பரணில் கிடக்கும் தாத்தா காலத்து சைக்கிளை இறக்கி, வெளிநாட்டுப் பழைய கியரை மாட்டி ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இது.

அம்பத்தூர் பிள்ளை

திருவேற்காட்டுக்குக் கூப்பிடு தூரம் அம்பத்தூர். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் கைகோர்த்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கின. 1951-ல் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் தயாராகி வெளியே வந்தது. பால்காரர், தபால்காரர், ஆபீஸ் குமாஸ்தா எல்லோருக்கும் அதுதான் வாகனம்.

நல்ல கெட்டி இரும்பு. மூட்டை ஏற்றினாலும் முனகாது. ஆனால் பின்னால் ஒரே ஒரு பல்சக்கரம்தான். முன்னால் 48 பல், பின்னால் 18 பல் என்றால், பெடலை ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் ஏறக்குறைய 6 மீட்டர் ஓடும். அதே வண்டியில் பின்னால் 28 பல் சக்கரம் இருந்தால் 3¾ மீட்டர்தான் ஓடும். தூரம் குறையும், மிதிப்பது லேசாகும்.

"திருவேற்காட்டில் மலை ஏதப்பா?" என்று கேட்கலாம். எதிர்க்காற்றில் மதுரவாயல் மேம்பாலம் ஏறியவனைக் கேட்டால் சொல்வான். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலைக்கு இதே வண்டியில் போக நினைத்தால் கியர் இல்லாமல் முடியவே முடியாது.

தடம் புரட்டும் கருவி

செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் கருவிக்குப் பெயர் டீரெய்லர். பிரெஞ்சுச் சொல். "தடம் புரட்டுவது" என்று அர்த்தம். ரயில் தடம் புரண்டால் விபத்து. இங்கே செயின் தடம் புரண்டால்தான் கியர்!

இதை ஒரு காலத்தில் கேவலமாகப் பார்த்தார்கள். உலகப் புகழ் பெற்ற பிரான்ஸ் சுற்றுப் போட்டியில் 1937 வரை இதற்குத் தடை. மூச்சு வாங்க மிதிப்பவன்தான் வீரனாம்!

இத்தாலிக்காரர் டுல்லியோ கம்பாக்னோலோ செய்த ஒரு கியர் இன்னும் வேடிக்கை. பெயர் கேம்பியோ கோர்சா. ஓட்டிக்கொண்டே கையைப் பின்னால் விட்டு, ஒரு கம்பியைத் திருப்பி, பின்சக்கரத்தின் பிடியையே தளர்த்த வேண்டும். பெடலைப் பின்னோக்கி மிதித்தபடி, இன்னொரு கம்பியால் செயினைத் தள்ள வேண்டும். பிறகு பிடியை இறுக்க வேண்டும். சர்க்கஸ்தான்! ஆனால் 1948-ல் பார்த்தாலி பிரான்ஸ் போட்டியை ஜெயித்தது இந்தக் கியரோடுதான்.

இதை நம்ம ஹெர்குலிசில் மாட்ட முடியுமா? அச்சு உட்காரும் இடத்தில் இதற்கென்று பல் வெட்டிய தனித் துண்டு வேண்டும். அதற்காக ஃபிரேமை வெட்டிப் பற்றவைத்தால் தாத்தா சொத்து பாழ். இந்த ரகத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதே உத்தமம்.

ஓட்டைச் சண்டை

மாட்டக்கூடிய ரகம் 1950-களிலிருந்து வந்தவை. கம்பாக்னோலோவின் கிரான் ஸ்போர்ட், பிரான்சின் ஹூரே, சிம்ப்ளெக்ஸ், ஜப்பானின் சன்டூர். இவற்றில் 1964-ல் சாய்வு அமைப்போடு வந்த சன்டூர் விலையில் சாது, வேலையில் கில்லாடி. சிம்ப்ளெக்சில் 1960-களில் வந்த பிளாஸ்டிக் ரகம் கிடைத்தால் உஷார். வயதான பிளாஸ்டிக் மடக்கென்று உடையும்.

கியர் கைக்கு வந்துவிட்டால் அடுத்த பேஜார் சக்கரத்தில். நம்ம ஊர் பழைய சைக்கிளின் பின் ரிம்மில் 40 ஓட்டை. ஐந்து பல்சக்கர ஹப்புகளில் பெரும்பாலும் 36 ஓட்டை. நாலு கம்பி எங்கே போகும்? 36 ஓட்டை ரிம் வேறு தேட வேண்டும். மேல்நோக்கி இழுக்கும் ராடு பிரேக் என்றால் அதற்கேற்ற ரிம்மாகவும் இருக்க வேண்டும்.

கம்பி கட்டியதும் கோட்டம் எடுக்கும்போது இன்னொரு சிக்கல். சக்கரத்தை ஹப்புக்கு நட்டநடுவில் நிறுத்துவதுதான் மெக்கானிக் கைப்பழக்கம். கியர் சக்கரத்தில் ரிம்மைப் பல்சக்கரப் பக்கம் தள்ளிக் கட்டினால்தான் அது ஃபிரேமுக்கு நடுவில் நிற்கும். சொல்லாமல் விட்டால் டயர் ஒரு பக்கம் உரசும்.

பின் ஃபோர்க் அகலமும் போதாது. ஐந்து சக்கரத்துக்கு 120 மில்லிமீட்டர் வேண்டும். பழைய வண்டியில் 110-லிருந்து 114 வரைதான். இரும்பு வளையும், நிஜம். ஆனால் இரு பக்கமும் சமமாக வளைக்கத் தெரிந்த கை வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வளைந்தால் வண்டி நண்டு மாதிரி ஓடும்.

ஃபிரீவீல் மரையில் மோசம் போனவர்கள் உண்டு. பிரெஞ்சு மரையும் இங்கிலீஷ் மரையும் பார்வைக்கு ஒன்றே. முதல் சுற்று ஏறும். அப்புறம் முரண்டு பிடிக்கும். ஸ்பேனரால் பலவந்தம் செய்தால் ஹப் மரையே உரிந்துவிடும். கையால் ஏறாததை விட்டுவிட வேண்டும்.

பழைய தடித்த செயினும் உதவாது. ஒல்லிச் செயின் போட வேண்டும். கியர் தொங்குவதற்கு ஃபிரேமில் காது இல்லாவிட்டால், அச்சு நட்டோடு சேர்த்து முடுக்கும் இரும்புப் பட்டை இருக்கிறது. வெட்ட வேண்டாம், பற்றவைக்க வேண்டாம்.

அந்த இரண்டு திருகாணி

டீரெய்லர் உள்ளே எவ்வளவு போகலாம் என்பதற்கு ஒரு திருகாணி, வெளியே எவ்வளவு வரலாம் என்பதற்கு இன்னொன்று. வெளிப்பக்கம் தப்பினால் செயின் கழன்று சிக்கும். உள்பக்கம் தப்பினால் செயினோ கியரோ ஓடும் கம்பிக்குள் பாயும். சக்கரம் பூட்டிக்கொள்ளும். கம்பி தெறிக்கும், கியர் சுருளும், ஆள் கீழே!

சோதனை சுலபம். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, செயினைப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்ற வேண்டும். பிறகு டீரெய்லரை விரலால் உள்பக்கம் அழுத்திப் பார்க்க வேண்டும். கம்பியைத் தொட்டால் திருகாணியை முறுக்க வேண்டும்.

கியர் மாற்றும்போது இன்றைய சைக்கிள் மாதிரி "டிக் டிக்" சத்தத்தையும் எதிர்பார்க்கக் கூடாது. ஷிமானோ அந்த வித்தையை 1984-ல்தான் வெற்றிகரமாகக் கொண்டுவந்தது. பழைய லீவரில் செயின் கரகரப்பது நிற்கும் வரை காதால் கேட்டு நகர்த்த வேண்டும். ஹாரன் சத்தத்தில் அது கேட்காது.

அதனால் முதல் ஓட்டம் கோவிலடித் தெருக்களில், விடியற்காலையில் போதும். கேபிள் இழுபட்டு லூஸ் கொடுக்கும், அச்சு நட்டும் தளரலாம். வீடு திரும்பி அவற்றை முடுக்கி, அந்த இரண்டு திருகாணியையும் இன்னொரு தடவை பார்த்த பிறகுதான் பூந்தமல்லி நெடுஞ்சாலை.