மணல்மேல் நின்ற மணிவிளக்கு

பாறைமீது வீடு கட்டியவன், மணல்மீது வீடு கட்டியவன் ஆகிய இருவரைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அனைவரும் அறிவோம். சென்ற ஆண்டு மறைக்கல்வி வகுப்பில் அதைப் படித்தபோது, "பாறையே இல்லாத ஊரில் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் என்ன செய்வது, சிஸ்டர்?" என்று நான் கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விதான். நூலகத்தில் தேடி நீயே விடை கொண்டு வா" என்றார். அப்படித் தேடியபோது கிடைத்ததுதான் அமெரிக்க நாட்டின் ஹட்டராஸ் முனைக் கலங்கரை விளக்கத்தின் வரலாறு. தோழியரே, என்னுடன் சற்றுத் தொலைவு கடல் கடந்து வாருங்கள்!

நகரும் தீவு

உலகப் படத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரையைப் பாருங்கள். வட கரோலினா மாநிலத்தின் கரைக்கு எதிரே, யாரோ பென்சிலால் கோடு இழுத்தாற்போல் நீண்டு மெலிந்த தீவுகள் சில தென்படும். அவற்றுக்கு 'அவுட்டர் பேங்க்ஸ்' என்று பெயர். அவற்றுள் ஒன்றே ஹட்டராஸ் தீவு. பெருங்கடலின் அலைகள் நிலத்தை நேராகத் தாக்காதபடி இடையில் நின்று தடுப்பதால், இத்தகைய தீவுகளைத் தடுப்புத் தீவுகள் என்று சொல்லலாம். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஆழமற்ற காயல் உண்டு.

இத்தீவுகள் முழுவதும் மணலே. மணல் ஓரிடத்தில் நிற்குமா? புயல் வரும்போது அலைகள் கடற்புறத்து மணலை அரித்தெடுத்து, தீவின் மேலாகவே கொண்டு சென்று, காயற்புறத்தில் கொட்டிவிடுகின்றன. முன்பக்கம் தேய்கிறது, பின்பக்கம் வளர்கிறது. ஆகவே தீவு அழிவதில்லை. நத்தையைப் போல மெல்ல மெல்லப் பெருநிலத்தை நோக்கி நகர்கிறது. சில வேளைகளில் கடல் பொறுமை இழந்துவிடும். 2003-ஆம் ஆண்டு இசபெல் என்னும் சூறாவளி ஹட்டராஸ் தீவையே குறுக்கே வெட்டிப் புதிய நீர்வழி ஒன்றைத் திறந்துவிட்டது.

இப்படிப்பட்ட இடத்தில் விளக்கு எதற்கு என்று கேட்கலாம். தெற்கிலிருந்து வரும் 'கல்ஃப் ஸ்ட்ரீம்' என்னும் வெப்ப நீரோட்டமும், வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டமும் இம்முனைக்கு அருகில்தான் சந்திக்கின்றன. முனையிலிருந்து கடலுக்குள் பல மைல் தொலைவுக்கு 'டைமண்ட் ஷோல்ஸ்' என்ற மணல்திட்டுகள் நீருக்கடியில் பதுங்கிக் கிடக்கின்றன. தெற்கே செல்லும் பாய்மரக் கப்பல்கள் எதிர் நீரோட்டத்துக்கு அஞ்சிக் கரையை ஒட்டி வரும். கரையை ஒட்டினாலோ திட்டில் தட்டும். நூற்றுக்கணக்கான கப்பல்கள் இங்கு மூழ்கின. 'அட்லாண்டிக்கின் கல்லறை' என்றே மாலுமிகள் இவ்விடத்துக்குப் பெயரிட்டுவிட்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் புகழ்பெற்ற 'மானிட்டர்' என்னும் இரும்புக் கவசக் கப்பல் 1862 டிசம்பர் 31 அன்று மூழ்கியதும் இப்பகுதியில்தான்.

ஒளி குன்றிய முதல் விளக்கு

1794-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இங்கு ஒரு கலங்கரை விளக்கம் அமைக்க இசைந்தது. 1799-இல் வேலை தொடங்கியது. 1803-இல் விளக்கு ஏறியது. மணற்கல்லால் கட்டிய அக்கோபுரத்தின் உயரம் 90 அடி. திமிங்கில எண்ணெயில் விளக்கு எரிந்தது.

ஆனால் விளக்கு இருந்தும் பயன் குறைவு. 1851-இல் டேவிட் போர்ட்டர் என்னும் கடற்படை அதிகாரி, இதுவே உலகிலேயே மிக மோசமான விளக்கு என்று எழுதினார். தாம் அவ்வழியே சென்ற முதல் ஒன்பது பயணங்களில் இவ்விளக்கு தம் கண்ணில் படவே இல்லை என்பது அவருடைய குறை. கல்லறைக்கு முன்னால் நின்று கொண்டு, தன்னையே காட்டிக்கொள்ளாத காவலாளி போலும்!

இதற்கு மருந்து பிரான்சு நாட்டில் ஏற்கெனவே இருந்தது. அகுஸ்டின் ஃபிரெனெல் என்னும் அறிஞர் அதைக் கண்டறிந்திருந்தார். ஒரு சுடரின் ஒளி எல்லாப் பக்கமும் சிதறிப் போகிறது. மேலே போகும் ஒளியும் கீழே போகும் ஒளியும் மாலுமிக்கு வீண். சுடரைச் சுற்றிலும் வளையம் வளையமாகப் பட்டகக் கண்ணாடிகளை அடுக்கினால், அவை சிதறும் ஒளியை வளைத்து, ஒரே கற்றையாக்கிக் கடலை நோக்கி அனுப்பும். பத்தாம் வகுப்பு அறிவியலில் நாம் படிக்கும் ஒளிவிலகல்தான் இது. 1854-இல் கோபுரத்தை 150 அடியாக உயர்த்தி, இந்த ஃபிரெனெல் லென்சை அதில் பொருத்தினார்கள். இருள் சற்று விலகியது.

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. எதிரியின் கப்பல்களுக்கு வழி தெரியக்கூடாது என்று தென்மாநிலப் படையினர் அந்த லென்சைக் கழற்றிக்கொண்டு போய்விட்டனர். பின்னர் வேறு லென்ஸ் கொண்டுவந்து விளக்கை ஏற்றினாலும், கோபுரம் பழுதடைந்துவிட்டது. புதிதாகவே கட்டுவதென்று முடிவாயிற்று.

மணலில் இட்ட அடித்தளம்

இனி நான் தேடிய விடைக்கு வருகிறேன். 1868-இல் டெக்ஸ்டர் ஸ்டெட்சன் என்னும் மேற்பார்வையாளரின் பொறுப்பில் புதிய கோபுரத்துக்குக் குழி தோண்டினார்கள். சில அடி ஆழத்திலேயே நன்னீர் ஊறிவிட்டது. எவ்வளவு தோண்டினாலும் பாறை இல்லை. நாமாக இருந்தால் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பியிருப்போம்.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த நீருக்குள்ளேயே பைன் மரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அதன்மேல் பெரிய கருங்கற்களை அடுக்கி, அதன்மேல் கோபுரத்தை எழுப்பினார்கள். மரம் நீரில் மக்கிவிடாதா என்று எனக்கும் ஐயம் எழுந்தது. மரம் மக்குவதற்குக் காற்று வேண்டும். காற்றுப் புகாத நன்னீருக்குள் முழுவதுமாக மூழ்கிக் கிடக்கும் மரம் எளிதில் மக்காது. நனைந்தும் காய்ந்தும் இருந்தால்தான் கெடும். எனவே அந்நீர் பகையன்று, காவல்!

ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் செங்கற்களால் எழுந்த அக்கோபுரம், ஏறக்குறைய 200 அடி உயரம் கொண்டது. அமெரிக்காவின் மிக உயர்ந்த செங்கல் கலங்கரை விளக்கம் இதுவே. 1870 டிசம்பர் 16 அன்று முதன்முதலாக விளக்கேற்றினார்கள். 1871-இல் பழைய கோபுரத்தை இடித்துவிட்டார்கள்.

1873-இல் இதற்குக் கறுப்பும் வெள்ளையுமாகத் திருகு வரிகள் தீட்டப்பட்டன. அழகுக்காக அல்ல! பகலில் விளக்கொளி தெரியாது. எந்தக் கோபுரம் எது என்று மாலுமி அறிய வேண்டாமா? அதே கரையில் போடி தீவுக் கோபுரத்துக்குக் கிடைப்பட்டைகள். லுக்அவுட் முனைக் கோபுரத்துக்குச் சாய்சதுரக் கட்டங்கள். கரிட்டக் கோபுரத்துக்குச் சாயம் பூசாத சிவப்புச் செங்கல். நம் பள்ளிச் சீருடை நம்மை அடையாளம் காட்டுவது போல, அவற்றுக்கும் சீருடை!

விளக்கைக் காத்தவர்கள் ஒரு தலைமைக் காவலரும் இரு உதவியாளர்களும் ஆவர். அவர்கள் குடும்பத்துடன் கோபுரத்தின் அருகிலேயே வாழ்ந்தனர். மேல்மாடம் வரை 257 படிகள். அதாவது பன்னிரண்டு மாடி உயரம். எண்ணெயைச் சுமந்துகொண்டு அதில் ஏற வேண்டும். இரவு முழுவதும் சுடரைப் பேண வேண்டும். காலையில் ஆயிரம் கண்ணாடிப் பட்டகங்களையும் புகைக்கறை போகத் துடைக்க வேண்டும். 1934-இல் மின்விளக்கு வரும்வரை இவ்வாறே நடந்தது. அவர்களால் உயிர் பிழைத்தவர்கள் எத்தனை பேரோ! அவர்களுள் ஒருவர்கூடத் தம் உயிரைக் காத்தவரின் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார்.

கடல் நெருங்குகிறது

1870-இல் கோபுரத்துக்கும் கடலுக்கும் இடையே 1,500 அடி இருந்தது. தீவு நகர்ந்தது, கோபுரம் நகரவில்லை. 1930-களில் அலைகள் அதன் காலடிக்கே வந்துவிட்டன. 1936-இல் அதைக் கைவிட்டு, உள்ளே தள்ளி இரும்புச் சட்டக் கோபுரம் ஒன்றில் விளக்கை ஏற்றினார்கள். மணல்மேடுகள் அமைத்துப் புல் நட்டதாலும், மணல் சேர்ந்ததாலும் கடல் சற்றுப் பின்வாங்கியது. 1950-இல் விளக்கு மீண்டும் பழைய கோபுரத்துக்கே திரும்பியது.

அது தற்காலிக ஓய்வுதான். 1970-இல் இடைவெளி வெறும் 120 அடி! கடற்கரையில் மணலைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அலை வாரிக்கொண்டு போயிற்று. கடலுக்குள் தடுப்புச் சுவர்கள் நீட்டினார்கள். மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். 1980-இல் வீசிய புயலில், 1803-ஆம் ஆண்டுக் கோபுரத்தின் அடித்தளம் எஞ்சியிருந்ததும் கடலோடு போய்விட்டது. புதிய கோபுரத்துக்கும் இதே கதிதான் என்பது எல்லாருக்கும் விளங்கிற்று. நன்னீரில் பாதுகாப்பாகக் கிடந்த அந்த மரக்கட்டைகளை உப்புநீர் எட்டிவிட்டால், அடியிலிருந்தே அழிவு தொடங்கிவிடும் அன்றோ?

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கோபுரத்தைச் சுற்றிப் பெரிய மதில் எழுப்பி, அங்கேயே நின்று கடலோடு போராடுவது. மற்றொன்று, கோபுரத்தையே பெயர்த்து உள்ளே கொண்டு போவது. 1988-இல் அறிஞர் குழு ஒன்று ஆராய்ந்து, பெயர்ப்பதே சிறந்தது என்று கூறியது. மதில் கட்டினால், தீவு பின்னால் நகர்ந்துகொண்டே போக, ஒருநாள் கோபுரம் மட்டும் நடுக்கடலில் தனித்து நிற்கும் என்பது அவர்களுடைய கணிப்பு.

தீவு மக்களில் பலர் ஒப்பவில்லை. நூறாண்டுக்கு மேற்பட்ட செங்கல் கோபுரம் அசைத்தால் இடிந்து விழாதா என்று அஞ்சினர். அவர்களுடைய முன்னோர் ஏறி இறங்கிய படிகள் அவை. தூர தேசத்திலிருந்து திரும்பும்போது முதலில் கண்ட ஊரின் முகம் அது. 'விழுந்தாலும் நின்ற இடத்திலேயே விழட்டும்' என்று நினைத்தவர்களின் மனத்தையும் நாம் எள்ளி நகையாடக்கூடாது. பிறந்த மண்ணை விட்டுப் பெயர்வது எவருக்கும் எளிதன்று.

நடந்து சென்ற கோபுரம்

இறுதியில் பெயர்ப்பதே முடிவாயிற்று. அடித்தளத்திலிருந்து கோபுரத்தை அறுத்துப் பிரித்து, எஃகு உத்திரங்களைச் செருகி, நூறு நீரழுத்தப் பளுதூக்கிகளால் மெல்லத் தூக்கினார்கள். எடை ஏறத்தாழ 4,800 டன்! பின் இரும்புத் தண்டவாளத்தின்மேல் வைத்து, ஒரு தள்ளுக்கு ஐந்து அடி என்று நகர்த்தினார்கள். தண்டவாளம் வழுக்குவதற்குச் சாதாரண சோப்புக் கட்டியைத் தேய்த்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபுரம் சாய்கிறதா, அதிர்கிறதா என்று அறுபது கருவிகள் இரவும் பகலும் கவனித்தன.

1999 ஜூன் 17 அன்று புறப்பட்ட கோபுரம், 23 நாட்களில் 2,900 அடி நடந்து, ஜூலை 9 அன்று புதிய இடத்தைச் சேர்ந்தது. காவலர் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளையும் உடன் கொண்டு வந்துவிட்டார்கள். கடலுக்கும் கோபுரத்துக்கும் இடையே மீண்டும் 1,600 அடி; ஏறத்தாழ 1870-இல் இருந்த அதே தொலைவு. அடுத்த இரு மாதங்களுக்குள் டெனிஸ் என்னும் சூறாவளி அத்தீவைத் தாக்கியது. கோபுரம் அசையவில்லை. நவம்பர் 13 அன்று விளக்கு மீண்டும் ஏறியது. ஏழரை வினாடிக்கு ஒருமுறை மின்னுவது அவ்விளக்கின் அடையாளம்.

முடிவுரை

இந்த விடையை எடுத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனேன். பாறை இல்லாத இடத்திலும் கட்டலாம். ஆனால் மணலின் குணத்தையும் நீரின் குணத்தையும் அறிந்து கட்ட வேண்டும். காலம் வரும்போது பெயர்ந்து போகவும் துணிய வேண்டும் என்று சொன்னேன். சிஸ்டர் சற்று நேரம் எண்ணிப் பார்த்து, "அப்படியானால் அந்தக் கோபுரத்துக்குப் பாறை எது?" என்று கேட்டார். அப்போது எனக்கு விடை தெரியவில்லை.

இக்கட்டுரையை எழுதி முடிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. கல் மாறியது, எண்ணெய் மாறியது, லென்ஸ் மாறியது, நின்ற இடமும் மாறியது. இருளில் வருகிறவர்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்ற ஒரு கடமை மட்டும் 1803 முதல் மாறவே இல்லை. அதுதான் அதன் பாறை என்று நினைக்கிறேன். பள்ளியிறுதித் தேர்வு முடிந்ததும் நாமும் ஆளுக்கொரு திசையாகப் பெயர்ந்து போகப் போகிறோம். எங்கே போனாலும் அணையாமல் இருப்போமாக!