படகின் வெளிப்புறத்தில் எரியெண்ணெய் சிந்துவதால் உண்டாகும் கேடும் அதன் பரிகாரமும்

ஆற்றுப் படுகைகளிலும் காயலோரங்களிலும் நிலமுடைய குடியானவர்களுக்குப் படகானது ஏரையும் வண்டியையும் போலவே இன்றியமையாததொரு கருவியாகும். திட்டுகளிலுள்ள நிலங்களுக்கு விதையும் எருவும் கொண்டு செல்வதற்கும், விளைபொருளைக் கரைசேர்ப்பதற்கும், ஏரிகளிலும் குளங்களிலும் மீன் வளர்ப்பதற்கும் அது பயன்படுகிறது. வெள்ள காலத்திலோ அதன் அவசியம் சொல்லி முடியாது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்து படுகைக் கிராமங்களில் நீர் புகுந்தபோது, ஜனங்கள் படகுகளின் மூலமாகவே வெளியேற்றப்பட்டனர்.

முற்காலத்தில் துடுப்பும் கழியுமே படகைச் செலுத்தின. இக்காலத்திலோ பெரும்பாலான படகுகளில் அவுட்போர்டு எஞ்சினோ டீசல் எஞ்சினோ பொருத்தப்படுகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கரையோரங்களில் கட்டுமரங்களுக்குப் பதிலாகப் பைபர் படகுகள் மிகுந்துவிட்டன. எஞ்சினோடு எரியெண்ணெயும் படகிலேறியது. அது சிந்துவதை அநேகர் அற்ப விஷயமாக எண்ணி விட்டுவிடுகின்றனர். ஆனால் சிந்திய எண்ணெய் பூச்சைக் கெடுக்கிறது, பலகையில் ஊறுகிறது, பிடிக்கப்பட்ட மீனில் நாற்றமேற்றி விலையைக் குறைக்கிறது, பாசன நீரையும் பழுதாக்குகிறது. சிறிது ஜாக்கிரதை இருப்பின் இந்நஷ்டத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

எரியெண்ணெய் செய்யும் கேடு

பெட்ரோல் விரைவில் ஆவியாய்ப் போய்விடும். எனினும் அதிலுள்ள சாயமும் பிசினும் மஞ்சள் நிறக் கறையாகத் தங்கிவிடுகின்றன. பூச்சின்மேல் இடப்பட்ட மெழுகை அது கரைத்து நீக்குவதால் பளபளப்பு மங்குகிறது. சாதாரண எனாமல் வர்ணம் அதனால் இளகிச் சுருங்குவதும் உண்டு. டீசலும் மண்ணெண்ணெயும் விரைவில் உலர்வதில்லை. அவை மெல்லிய படலமாகப் பரவித் தூசியையும் புகைக்கரியையும் பற்றிக்கொண்டு கருமையாய்ப் படிகின்றன. படகின் மேற்றளம் வழுக்கலாகி ஆள் விழவும் காரணமாகிறது.

பைபர் படகின் வெளிப்புறத்தில் ஜெல்கோட் எனப்படும் மேற்பூச்சு ஒன்றிருக்கிறது. அதன் கனம் சாதாரணமாய் அரை மில்லிமீட்டர் அளவே. புதியதும் பழுதற்றதுமான மேற்பூச்சு சிறிது நேரம் எரியெண்ணெயைத் தாங்கும். வெயிலில் பல வருஷம் காய்ந்து சுண்ணாம்பு போல் தூளுதிரும் பழைய பூச்சோ நுண்ணிய துளைகளுடையதாகையால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மரப் படகிலோ எண்ணெய் மரத்தின் ரேகை வழியே உள்ளிறங்குகிறது. பலகைச் சந்துகளில் அடைத்த கலப்பற்றுப் பஞ்சும் பிசினும் இளகி நீர் கசியத் தொடங்குகிறது. எண்ணெய் ஊறிய மரத்தில் புது வர்ணம் நில்லாது. வர்ணமற்ற இடத்தில் நீரிறங்கிப் பலகை உளுத்துப்போகும்.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் நீரை ஈர்க்கும் குணமுடையது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பழைய பைபர் தொட்டிகளையும் அது இளக்கக்கூடும். ஆகையால் முன்பு கசியாதிருந்த குழாய் இப்பொழுது கசிவதைக் கண்டு ஆச்சரியப்பட வேண்டுவதில்லை.

சிந்துவது எவ்வாறு

எரியெண்ணெய் சிந்துவதற்கு நான்கு காரணங்கள் முக்கியமானவை. முதலாவது, கலத்திலிருந்து புனலின்றி ஊற்றுதல். இரண்டாவது, தொட்டியை வாய்மட்டம் நிரப்புதல். மூன்றாவது, வெடித்த குழாயும் தளர்ந்த இணைப்பும். நான்காவது, படகின் அடித்தளத்தில் தேங்கிய எண்ணெய் நீரை அப்படியே வெளியே இறைத்தல்.

இவற்றுள் இரண்டாவதைப் பலர் அறியார். எரியெண்ணெய் வெப்பத்தால் விரியும் தன்மையது. காலைக் குளிர்ச்சியில் 25 லிட்டர் பெட்ரோலை நிறைய ஊற்றி, பின் வெயிலில் அது 20 டிகிரி செல்சியஸ் சூடேறுமாயின், ஏறக்குறைய அரை லிட்டர் பெருகி, காற்றுப்போக்கி வழியே படகின் பக்கத்தில் வழியும். வழிந்த இடத்தில் நாள்தோறும் ஒரே தடத்தில் மஞ்சட் கோடு தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

தடுக்கும் முறை

கையால் தூக்கத்தக்க தொட்டியானால் அதைக் கரைக்குக் கொண்டுவந்து தரையில் வைத்தே நிரப்புதல் வேண்டும். ஊற்றும் கலத்தின் வாய் தொட்டியின் வாயைத் தொட்டுக்கொண்டிருத்தல் நலம், ஏனெனில் இடைவெளியில் மின்பொறி எழ இடமுண்டு. எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். புகைபிடித்தலும் அடுப்பும் அருகில் கூடா. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. அது படகின் அடித்தளத்தில் தேங்கி நின்று ஒரு பொறியால் பற்றிக்கொள்ளும்.

கம்பிவலையுள்ள புனலை உபயோகிக்க வேண்டும். தொட்டியின் வாயைச் சுற்றிப் பழந்துணியைக் கட்டி வைத்தால் சொட்டுகள் அதில் அடங்கும். தொட்டியைப் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிரப்பலாகாது. குழாயையும் அழுத்துக் குமிழையும் மாதந்தோறும் கையால் வளைத்துப் பார்த்து, வெடிப்போ பிசுபிசுப்போ காணின் உடனே மாற்றிவிடுதல் சிக்கனமாகும். வருஷத்திற்கு இருமுறை பைபர்ப் பக்கங்களில் மெழுகு பூசி வைப்பின், சிந்தும் எண்ணெய் முதலில் மெழுகைத் தாக்குமேயன்றிப் பூச்சைத் தாக்குவதற்குத் தாமதமாகும். எஞ்சினுக்குக் கீழே ஒரு தட்டு வைத்து, அதில் தென்னைநார்த் தூளைப் பரப்பி வைத்தல் எளிய உபாயம். அத்தூள் எண்ணெயை உறிஞ்சும். தென்னை பயிரிடும் குடியானவர்களுக்கு அது செலவின்றிக் கிடைப்பதுமாகும்.

சிந்தியவுடன் செய்யத்தக்கது

முதலில் எண்ணெய் வரும் வழியை அடைக்க வேண்டும். நெருப்பை அகற்றி, ஆட்களை விலக்கிக் காற்றோட்டம் உண்டாக்க வேண்டும். பின் துணியையோ தென்னைநார்த் தூளையோ மரத்தூளையோ இட்டு ஒற்றியெடுக்க வேண்டும். தேய்த்தால் எண்ணெய் பரவும், ஆதலால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுதலே முறை. அதன்பின் படகைக் கரையேற்றி, மிதமான சோப்புக் கலந்த நல்ல தண்ணீரால் இருமுறை கழுவ வேண்டும். கழுவிய நீர் வாய்க்காலில் இறங்காதபடி மண்ணணை போடுதல் அவசியம்.

நீரின்மேல் மிதக்கும் எண்ணெயின்மீது சோப்புத்தூளைக் கொட்டுவது சிலரிடம் காணப்படும் வழக்கம். அது பெருந்தவறு. எண்ணெய் கண்ணுக்கு மறையுமேயன்றி நீங்குவதில்லை. நுண்துளிகளாய் நீருக்குள் கலந்து மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் அதிகத் தீங்கு செய்யும். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு மைக்ரான் கனமுள்ள படலமாய்ப் பரவினால் 1,000 சதுர மீட்டரை, அதாவது ஏறக்குறைய 25 சென்டு பரப்பை மூடிவிடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஓடைகளிலும் கிணறுகளிலும் அசுத்தப் பொருள்களை விடுவது 1974ஆம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது.

பைபர் படகைச் சீர்ப்படுத்துதல்

கறை மட்டும் தங்கியிருப்பின், பைபர் படகுகளுக்கென விற்கப்படும் கறைநீக்கியை முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் பூசிச் சோதித்து, பின் கறையில் தடவி, நன்றாய்க் கழுவிவிட வேண்டும். இக்கறைநீக்கிகள் பலவற்றில் ஆக்சாலிக் அமிலம் உண்டு. அது விஷமுடையதாகையால் கையுறையும் கண்காப்பும் அணிதல் வேண்டும். வர்ணம் பூசிய இடங்களில் தின்னரை உபயோகித்தால் கறையோடு வர்ணமும் போய்விடும்.

பூச்சு மங்கியிருப்பின் ரப்பிங் காம்பவுண்டு இட்டுத் தேய்த்து, மெழுகு பூசினால் போதுமானது. அதற்கும் தெளியாவிடில் நீரில் நனைத்துத் தேய்க்கும் 800, 1000, 1200 எண் உப்புத்தாள்களை வரிசையாய் உபயோகிக்கலாம். மேற்பூச்சின் கனம் அரை மில்லிமீட்டரே என்பதை மறந்து அழுத்தித் தேய்ப்போர், கறையைப் போக்குவதாக எண்ணிப் படகின் தோலையே போக்கிவிடுகின்றனர்.

பூச்சு இளகியோ வெடித்தோ போயிருப்பின் அப்பகுதியைச் சுரண்டியெடுத்துப் புதுப்பூச்சு இட வேண்டும். இவ்வேலையில் ஒரு விதி எல்லாவற்றினும் முக்கியமானது: உப்புத்தாள் இடுவதற்கு முன்னரே எண்ணெயை முற்றிலும் நீக்கிவிட வேண்டும். எண்ணெய் இருக்கும்போது தேய்த்தால் அது கீறல்களுக்குள் புகுந்துகொள்ளும். பிறகு எவ்வளவு உயர்ந்த பூச்சும் சில மாதங்களில் உரிந்துவிடும். எண்ணெய் நீங்கியதா என்று அறிய எளிய சோதனையொன்று உண்டு. சுத்தமான தண்ணீரை அவ்விடத்தில் ஊற்றினால், அது ஒரே தகடாய்ப் பரவி நிற்குமாயின் இடம் சுத்தமானது. முத்துமுத்தாய்ப் பிரிந்து உருளுமாயின் எண்ணெயோ மெழுகோ இன்னும் இருக்கிறதென்று தெரிந்துகொண்டு மீண்டும் கழுவ வேண்டும்.

நன்கு உலர்ந்தபின் ஜெல்கோட்டுடன் கேட்டலிஸ்டை 1 முதல் 2 சதவிகிதம் வரை அளந்து கலந்து, நிழலில் பூச வேண்டும். கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரே ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஆகையால் அவற்றைத் தனித்தனியே ரெசினில் சேர்த்தல் வேண்டும். கேட்டலிஸ்டு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சாதாரண ஜெல்கோட்டின் மேற்புறம் காற்றுப்பட்டால் முற்றிலும் இறுகாது. அதனால் பூசியவுடன் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, இறுகியபின் எடுத்து மெருகிட வேண்டும்.

மிதப்புக்காகத் தெர்மோகோல் அடைக்கப்பட்ட அறைகளையும் பார்த்தல் அவசியம். பெட்ரோல் தெர்மோகோலைக் கரைத்துவிடும். வெளியே படகு நன்றாய்த் தோன்றினும், உள்ளே மிதப்புப் பொருள் கரைந்திருப்பின் கவிழ்ந்த சமயத்தில் அது தாங்காது. பெட்ரோலில் நனைந்த உயிர்காப்பு அங்கிகளையும் நம்பலாகாது.

மரப் படகைச் சீர்ப்படுத்துதல்

எண்ணெய் பட்ட வர்ணத்தை மரம் தெரியும்வரை சுரண்டியெடுக்க வேண்டும். சீமைச் சுண்ணாம்புத் தூளையோ உலர்ந்த களிமண் தூளையோ பசையாகக் குழைத்து அவ்விடத்தில் கனமாய் அப்பி, வெயிலில் காயவிட்டால் சூட்டினால் எண்ணெய் மேலெழுந்து அதில் ஊறும். தூள் நிறம் மாறாதிருக்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு மூன்று நாள் தாமதத்திற்கு அஞ்சி நடுவில் நிறுத்திவிட்டால் உழைப்பனைத்தும் வீணாகும். சந்துகளில் இளகிய கலப்பற்றை முழுவதும் பிடுங்கிவிட்டுப் புதுப் பஞ்சை அடைத்து, அதன்பின்னரே முதற்பூச்சும் வர்ணமும் இடுதல் முறை.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியது

படகுக்காரனின் கவனக்குறைவால் சிந்துவது ஒரு வகை. பிறரிடத்திலிருந்து வந்து படிவது மற்றொரு வகை. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழையின்போது வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. கரையோரக் கிராமங்களின் படகுகளும் வலைகளும் கரிய எண்ணெயால் மூடப்பட்டு, மீன்பிடித் தொழில் நின்றுபோயிற்று. இத்தகைய கெட்டியான எண்ணெய் படிந்தால் இரும்புச் சுரண்டியை உபயோகிக்காமல் மரச் சுரண்டியால் எடுத்து, மீதியைச் சமையல் எண்ணெய் தடவி இளக்கித் துடைத்து, பின் சோப்பு நீரால் கழுவுதல் நலம். வெயிலில் இறுகுவதற்கு முன் செய்தால் பாதி வேலை குறையும்.

ஆனால் கழுவுவதற்கு முன்பே சேதத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். படகின் பதிவெண், உடையவர் பெயர், நாள், எண்ணெய் படிந்த உயரம் இவற்றைக் குறித்து, நாற்புறமும் புகைப்படம் எடுத்து, படிந்த எண்ணெயில் சிறிது சுத்தமான கண்ணாடிப் புட்டியில் அடைத்து முத்திரையிட்டு வைத்தால், நிவாரணம் கோரும்போது அது சாட்சியாகும். எண்ணூரில் பாதிக்கப்பட்ட படகுகளுக்கு அரசாங்கத்தார் நிவாரணத் தொகை அறிவித்தபோது, பாதிக்கப்பட்ட படகுகளின் கணக்கே அதற்கு ஆதாரமாயிற்று. கணக்கில் ஏறாத படகுக்கு உதவி கிடைப்பது அரிது. கடலில் பெருமளவு எண்ணெய் காணப்படின் மீன்வளத்துறைக்கும், 1554 என்ற எண்ணில் கடலோரக் காவற்படைக்கும் தாமதமின்றித் தெரிவித்தல் வேண்டும்.

எண்ணெய் ஊறிய துணியையும் தூளையும் வாய்க்காலில் எறிவதும் வயலில் புதைப்பதும் கூடாது. அவற்றை மூடியுள்ள தகரப் பெட்டியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் சேர்த்து வைத்து, உரிய முறையில் அகற்ற ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஊரின் பொதுப் படகுகள் வருஷத்தில் பல மாதம் கவனிப்பாரற்றுக் கிடந்து, வெள்ளம் வந்தபின்னரே இழுத்து வரப்படுகின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசி மாதத்திலேயே அவற்றைக் கரையேற்றித் தொட்டி, குழாய், பூச்சு, கலப்பற்று, மிதப்பறை ஆகிய ஐந்தையும் பரிசோதித்து வைப்பார்களாயின், வேண்டிய வேளையில் படகு வழுக்காமலும் கசியாமலும் உதவும்.